வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

அந்த வாய்க்காலை மூடியது நீதான். ஜேசிபி ஓட்டியவன் யாரோ வெளியூர்ப் பையன். அவனுக்குக் கூலி கொடுத்தவர் பிளாட் போடுகிறவர். ஆனால் அவர்கள் மண்ணைக் கொட்டவிடாமல் இத்தனை வருடமாகக் குறுக்கே நின்றது ஒரு கோர்ட் உத்தரவு. அதை வாங்கியவனும் நீ, சாகவிட்டவனும் நீ. வழக்கைக் கூப்பிட்ட அன்று, நடத்துகிற வக்கீல் என்று வக்காலத்தில் உன் பெயர் இருந்தது, கோர்ட்டில் நீ இல்லை. உனக்குப் பதிலாக எழுந்து நிற்க ஒரு பெண் தயாராக இருந்தாள். அவளை எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னதும் நீ.

பெற்ற அம்மா இதைத் தனியாக எழுதியிருக்கலாமே என்பாய். தனியாகச் சொன்ன எதற்கு நீ பதில் சொன்னாய்? போன் செய்தால் உன் பி.ஏ. எடுக்கிறான். "அம்மா, சார் கமிட்டி மீட்டிங்ல இருக்காரு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்கிறான். என்ன கமிட்டியோ, அது முடிவதே இல்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். இரண்டு கை கூப்பின படம் ஒன்று பதிலாக வந்தது. அதை அனுப்பியது நீயா அவனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் சொன்னால்தான் உனக்குக் காது கேட்கிறது. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு உனக்கு அவமானமாக இருந்தால் நல்லது. எனக்கு மூன்று வாரமாக அப்படித்தான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானில் எம்.பி. என்று உனக்குப் பாராட்டு விழாவாம். உன் பி.ஏ. அதற்கு மட்டும் தானாகவே எனக்குப் போன் செய்தான். "அம்மாவுக்கு ஸ்டேஜ்லயே சேர் போட்டாச்சு. பச்சைக் கலர் பட்டுச் சேலை கட்டினீங்கன்னா போட்டோவுல எடுப்பா இருக்கும்மா" என்றான். பந்தல் யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். "நம்ம பிளாட் அண்ணன்தாம்மா. எல்லாச் செலவும் அவரே பாத்துக்குறாரு" என்று கூசாமல் சொன்னான். வாய்க்காலை மூடினவர் போடுகிற பந்தலில், அந்த வாய்க்காலை நம்பிப் பிழைத்தவர்களின் ஊரில், உனக்கு மாலை போடுவார்கள். அதை நான் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் வரவில்லை. அந்தச் சேரில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

உன்னை நான் புதிதாகப் பார்க்கவில்லை. நீ சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துபோனார். அதற்குப் பிறகு நம் வீட்டில் அடுப்பு எரிந்தது என் டைப்ரைட்டரால். கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வக்கீல்களுக்குப் பிராதும் மனுவும் டைப் அடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதிலும் அடித்தேன். தல்லாகுளத்தில் கறுப்புக் கோட்டு போட்டவர்களில் பாதிப் பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று "சீக்கிரம்மா, கோர்ட்டு கூடிருச்சு" என்று கத்தியவர்கள்தான். அவர்களில் எத்தனையோ பேர் தங்களிடம் வழக்குக் கொடுத்தவரின் பெயர் தெரியாமல், பழைய மனுவைக் காட்டி, "இதே மாதிரி அடிங்க, பேரு அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். ஒருநாள் வீட்டுக்கு வந்து ஆற்றாமையில் உன்னிடம் சொன்னேன், நீயும் இப்படி ஆகிவிடாதே என்று. நீ சிரித்தாய். "எங்கிட்ட கேஸ் குடுக்குறவங்க வீட்டு நாய் பேருகூட எனக்குத் தெரிஞ்சிருக்கும், பாத்துக்கிட்டே இரும்மா" என்றாய்.

அப்படித்தான் இருந்தாய். அதை மறைத்து எழுத மாட்டேன். மாட்டுத்தாவணியில் பூக்கட்டுகிற பெண்களைக் கடை போடக் கூடாது என்று அடித்து விரட்டி, சிலரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்கார வைத்த அன்று நீ கோட்டு வாங்கி வருடம்கூட ஆகவில்லை. உன் சீனியர் போகாதே என்றார். நீ போனாய். நானும் உன் பின்னால் வந்தேன், உன்னை அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில். இன்ஸ்பெக்டர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன வக்கீலு, மீசையே இன்னும் ஒழுங்கா மொளைக்கல, சட்டம் பேச வந்துட்ட?" என்றார். "மீசைக்கு செக்‌ஷன் கிடையாது சார். இவங்கள எந்த செக்‌ஷன்ல உக்கார வெச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க, நான் போயிர்றேன்" என்றாய். அவர்களை விடும்வரை அவர் மேசைக்கு முன்னாலிருந்து நீ நகரவில்லை. அந்தப் பெண்கள் வெளியே வந்து உன் தலையைச் சுற்றி நெட்டி முறித்தார்கள். "இந்தப் பயலப் பெத்த வயித்துக்கு என்னத்தடி குடுக்குறது" என்று ஒருத்தி என் மடியில் மல்லிகையைக் கொட்டினாள். அந்தக் கோபம் நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இத்தனை ஆத்திரம் வராது. இருந்த ஒன்றை நீ தூக்கிப்போட்டிருக்கிறாய்.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் நம் வீட்டுக்கு வந்த காலை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். நினைவிருக்கிறது, எனக்குத் தெரியும். வீரணன் முன்னால் வந்தார், அவர் தங்கை பேச்சியம்மாள் பின்னால், அவர்களோடு இன்னும் சில குடும்பங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முன்அறையில் சுவரோடு சுவராக நின்றார்கள். நீ எல்லோரையும் உட்காரச் சொல்லி, நாற்காலி போதாமல் நீயும் தரையில் உட்கார்ந்தாய். அகத்தியில் ஏற்றிவிட்ட வெற்றிலைக் கொடிக்கு எப்போதும் வேர் நனைந்திருக்க வேண்டும், சில நாள் தண்ணீர் தவறினாலே தலை தொங்கிவிடும் என்று வீரணன் சொன்னார். பெரிய கால்வாயிலிருந்து பிரிந்து வருகிற சின்ன வாய்க்கால்தான் அத்தனை கொடிக்காலுக்கும் தண்ணீர். மேலே நிலம் வாங்கிய பிளாட்காரர் அதை மூடி, தன் மனைகளுக்கு ரோடு போடப் பார்க்கிறார். தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.

நீ பீஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் பேச்சியம்மாள் விடவில்லை. "அப்புறம்னா எப்பத் தம்பி? செயிச்ச பெறகா, தோத்த பெறகா?"

"செயிச்ச பெறகு."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா ஒங்க கெணத்துல விழுந்துர்றேன்க்கா."

"அதுல தண்ணி கெடந்தாத்தான தம்பி விழுகுறதுக்கு! அதுக்குத்தான ஒங்ககிட்ட வந்துருக்கோம்."

அறையே சிரித்தது. நானும் காபித் தம்ளர்களோடு நின்று சிரித்தேன். பிறகு வக்காலத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாய். எல்லாம் முடிந்த பிறகு வீரணன் என்னிடம் ஒரு தாம்பாளம் கேட்டார். மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து வைத்து, "வக்காலத்து கோர்ட்டுக்கு. இது எங்களுக்கு" என்று உன் பக்கம் நீட்டினார். உன் கையில் கைநாட்டு மை அப்பியிருந்தது. "அம்மா, நீ வாங்கிக்க" என்றாய். நான் வாங்கினேன். அவர்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெற்றிலை வாங்கியவர் காரியத்தை ஏற்றுக்கொண்டவர். அவராகத் திருப்பித் தருகிறவரை, கொடுத்தவர் அந்தக் காரியத்தை வேறொரு ஆளிடம் கொண்டுபோக மாட்டார். கொண்டுபோனால் வாங்கியவரின் முகத்தில் அடித்த மாதிரி.

நீ தடையுத்தரவு வாங்கிய அன்று நான் வேலையைப் போட்டுவிட்டுக் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைவிட இரண்டு மடங்கு வயசு, குரலும் அப்படி. அவர் அப்படி ஒரு வாய்க்காலே இல்லை, மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம்தான் என்றார். நீ சத்தம் போடவில்லை. "அந்தப் பள்ளத்தை நம்பி பரம்பரையா வெத்தலக் கொடிக்கால் போடுறாங்க யுவர் ஆனர். மழை பெய்யாத மாசத்துலயும் வெத்தல வெளஞ்சிருக்கு. தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்க சொல்லட்டும்" என்றாய். வழக்கு முடிகிறவரை வாய்க்காலைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு மதுரைக்கு எந்த வேலையாக வந்தாலும் வீரணன் நம் வீட்டில் ஒரு கவுளி வெற்றிலை வைத்துவிட்டுப் போவார். நான் போடுகிறவள் இல்லை. ஈரத்துணியில் சுற்றி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பேன். "மகன் கேசு வெத்தலையா?" என்று கேட்டு வாங்குவார்கள்.

கட்சி உனக்குத் தேர்தலில் சீட்டு கொடுத்தது எதற்காக? உன் படிப்புக்கா, உன் பேச்சுக்கா? அந்த வாய்க்காலுக்காக. 'வாய்க்கால் வக்கீல்' என்று ஊரில் உனக்குப் பேர் வந்திருந்தது. போஸ்டரிலும் அதையே போட்டார்கள். பேச்சியம்மாள் கொடிக்கால் வேலையை விட்டுவிட்டு உனக்காக வேனில் ஏறி ஊர் ஊராக வந்தாள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள். "இவரு எங்க வக்கீலு. எங்க வாய்க்காக் கேசப் பாக்குறவரு. இப்ப இங்கிட்டு இருக்குற கோர்ட்டுல பேசுறாரு. டெல்லிக்கு அனுப்பி வைங்க, அம்புட்டுப் பெரிய கோர்ட்டுல போயிப் பேசுவாரு!" ஜனம் கை தட்டியது. நீ பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாய். டெல்லியில் இருப்பது கோர்ட் இல்லை, அங்கே இவர்கள் வாய்க்கால் வழக்கு நடக்காது என்று உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை திருத்திச் சொன்னாயா? தங்கள் வக்கீல் பெரிய ஆளானால் தங்கள் வழக்கும் பெரிதாகும் என்று அவர்கள் நம்பினார்கள். நீ அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நின்று ஓட்டு வாங்கினாய்.

அந்த வேனின் பின்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் என்னிடம் கேட்டாள். "யக்கா, இது அந்தப் பிளாட்டுக்காரன் வண்டி மாதிரியில்ல இருக்கு?" நான் உன்னிடம் கேட்டேன். நீ ஷேவ் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, "எலெக்‌ஷன்னா எல்லாரும் வண்டி தருவாங்கம்மா. வேன் வேற, கேஸ் வேற" என்றாய். நான் அதையே போய்ச் சொன்னேன். "தம்பி சொன்னா சரித்தான்" என்று அவள் மறுபடி அதே வேனில் ஏறினாள்.

ஜெயித்தாய். கறுப்புக் கோட்டைக் கழற்றி வெள்ளை வேட்டி கட்டினாய். நீ பாராளுமன்றத்தில் பேசிய வீடியோவை ஊரே எனக்கு அனுப்பியது. விவசாயியின் தண்ணீர் உரிமையைப் பற்றி அழகாகப் பேசியிருந்தாய், எங்கேயோ வடக்கே ஒரு ஆற்றைப் பற்றி. மேசையைத் தட்டினார்கள். நான் அதைப் பார்த்த அன்று வீரணன் முன்அறையில் உட்கார்ந்து, "யக்கா, கேசு எப்ப வருதுன்னு தம்பிகிட்டக் கேட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று அன்று எனக்குப் புரிந்தது. கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ இல்லையென்றால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, ஒரு ஆள் தோற்றுப்போவான், அவன் முகம் உனக்குத் தெரியும். டெல்லியில் உன் நாற்காலி காலியாக இருந்தால் யார் தோற்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சௌகரியம் உனக்குப் பிடித்துப்போய்விட்டது.

எம்.பி. ஆனவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லை, நீயே எனக்குச் சொன்னது. சரி, உனக்கு நேரம் இல்லை. மற்ற வழக்குகளையெல்லாம் உன் ஜூனியர் கயல்விழியிடம் முறையாக மாற்றிக் கொடுத்தாய். இந்த ஒன்றை மட்டும், "இது நம்ம கேஸ், என் பேர்லயே இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டாய். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, பார். நடத்தவும் வரவில்லை, வேறு ஆள் நடத்தவும் விடவில்லை. நடத்தினால் வேன் கொடுத்தவர் கோபிப்பார். கைவிட்டேன் என்று சொன்னால் ஓட்டுப் போட்டவர்கள் கோபிப்பார்கள். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் வழக்கு தானாகச் செத்துவிடும், யாரும் உன்னைக் கேட்க முடியாது. இதைத்தான் நீ செய்தாய். மறதி என்று சொல்லாதே. நாய் பேரைக்கூட நினைவில் வைத்திருக்கிறவனுக்கு இது மறக்காது.

வழக்கைக் கூப்பிட்ட அன்று நடந்ததைக் கயல்விழி கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே நம் வீட்டுக்கு வந்து சொன்னாள். அவள் அழவில்லை. அவளுக்கும் கோபம்தான். "எத்தன வாட்டி ஆன்ட்டி நான் வாய்தா வாங்குறது? ஜட்ஜு போன தடவையே கேட்டாரு, ஒங்க சீனியர் டெல்லியில இருந்தா இங்க யாரும்மா நடத்துறதுன்னு. அண்ணங்கிட்ட வக்காலத்த மாத்திக் குடுங்கன்னு கெஞ்சுனேன். பாக்கலாம் பாக்கலாம்னாரு. இன்னைக்குக் காலையில போன் பண்ணி, நீ எந்திரிக்காத கயல், எதிர்த்தரப்புல பேசிட்டேன், அவங்களே வாய்தா வாங்கிக்குவாங்கன்னாரு. நானும் நம்பி உக்காந்திருந்தேன். கேஸக் கூப்புட்டதும் எதிர்த்தரப்பு வக்கீலு எந்திரிச்சு, வாதி தரப்புல யாருமே இல்ல யுவர் ஆனர்ங்குறாரு! நான் பதறி எந்திரிச்சேன். ஒங்க பேர்ல வக்காலத்து இருக்காம்மான்னு ஜட்ஜு கேட்டாரு. இல்லைன்னேன். அம்புட்டுத்தான். தள்ளுபடி."

தள்ளுபடியானால் தடையுத்தரவும் போய்விடும். அந்த வாரமே ஜேசிபி வந்தது.

நான் பஸ் ஏறிச் சோழவந்தான் போனேன். உன் கட்சிக் கொடி கட்டிய காரில் போகவில்லை, கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். வாய்க்கால் இருந்த இடத்தில் சிவப்பு மண் மேடு, அதன் மேல் டயர் தடம். கொடிக்காலுக்குள் போனால் எப்போதும் உடம்பு சிலிர்க்கும், அத்தனை குளிர்ச்சியாக இருக்கும். அன்று வெளியே அடித்த வெயில்தான் உள்ளேயும் அடித்தது. அகத்தி மட்டும் பச்சையாக நிற்க, அதைப் பிடித்திருந்த கொடி துவண்டு தொங்கியது. வீரணன் என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க" என்று ஓடி வந்தார். "வெத்தல நல்லா இல்லக்கா, ஒங்களுக்குப் பறிச்சுத் தர முடியாது" என்று அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். புரிகிறதா? அவர் என்னிடம்.

"தம்பிக்குத் தெரியாமத்தான் நடந்துருக்கும்க்கா. அங்க எம்புட்டு வேலையோ" என்றார்.

பேச்சியம்மாள் சீறினாள். "தெரியாம நடக்க அவரு என்ன பச்சப்புள்ளயா? நீ சும்மா இருண்ணே. நாந்தான் அவருக்காக வேன்ல ஏறிக் கத்துனேன், எந்தொண்டக்கித் தெரியும்."

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாமே, வேறு வக்கீலைப் பாருங்கள் என்று நான் சொன்னேன். வீரணன் தலையை ஆட்டினார். "வெத்தல வெச்ச எடத்த விட்டுட்டு நாங்களா எந்திரிச்சுப் போறதாக்கா? அது மொறையில்ல. தம்பி மனசு சங்கடப்படும்." உன் மனசு சங்கடப்படுமாம். பேச்சியம்மாள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள், அண்ணனுக்குத் தெரியாமல் அவள் மதுரைக்கு வந்து நாலைந்து வக்கீல்களைப் பார்த்துவிட்டாளாம். "எம்.பி. கையில இருக்குற கேசா, ஆள விடும்மா, அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கியா, பெறகு பாப்போம்னு ஒருத்தரு விடாமச் சொல்லிட்டாகக்கா. வாய்க்கா வேணாம், அந்தக் கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுங்க. வாய்க்காவ நாங்க பாத்துக்குறோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. வெற்றிலையை வாங்கியது உன் கை இல்லை, என் கை. அடுத்த வாரம் கடைக்குப் போய் வெற்றிலை கேட்டேன். "இது வேற ஊரு வெத்தலம்மா. சோழவந்தான் சரக்கு இப்ப முன்ன மாதிரி வரல" என்றாள் கடைக்காரி. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. பாக்கும் வாங்கிக்கொண்டேன். அதே தாம்பாளத்தைத் துலக்கிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி அந்த ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் நின்று தட்டை நீட்டியதும் வீரணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னக்கா இது? இப்புடிப் பண்ணாதீக. தம்பி வருவாரு, பேசிக்கிருவோம்." அவர் கண் கலங்கியிருந்தது. உன்னை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. பேச்சியம்மாள் உள்ளேயிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டை அவள் வாங்கினாள். "வாங்குனது நீங்க. நீங்களே குடுத்துட்டீக. இனிமே ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல." வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு காலித் தட்டைத் திருப்பித் தந்தாள். "ஒக்காருங்கக்கா. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அந்தக் காபியை நான் குடித்தேன். தம்ளரை நானே கழுவி வைத்தேன். அவர்கள் வீட்டு நாய் வந்து என் காலை மோந்து பார்த்தது. அதன் பெயர் என்ன? நீதான் சொல்வாயே, சொல்லு.

என் பங்கு முடிந்தது. உன் பங்கு பாக்கி. ஊர் வழக்கப்படி அவர்கள் இப்போது யாரிடமும் போகலாம். கோர்ட் வழக்கப்படி உன் சம்மதம் வேண்டும். கயல்விழி புது வக்காலத்தை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவிட்டாள். வீரணன் கடைசியாகப் போட்டார். உன் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கூரியரில் அனுப்பினோம். வந்து சேர்ந்தது என்று உன் பி.ஏ. ஒத்துக்கொண்டான், பிறகு பேச்சில்லை. நீ சம்மதம் தராவிட்டால் கோர்ட்டே அனுமதி கொடுக்கும் என்று கயல்விழி சொல்கிறாள். ஆனால் அதற்கு உனக்கு நோட்டீஸ் போக வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டும், அதற்குள் மண் இறுகிவிடும், மிச்சம் இருக்கிற கொடியும் காய்ந்துவிடும், ரோடு போட்டுவிடுவார்கள். இது எல்லாம் உனக்குத் தெரியும். அதனால்தான் நீ பேசாமல் இருக்கிறாய்.

அம்மா அரசியல் புரியாமல் எழுதுகிறாள் என்று உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரன் எழுதிக் கொடுத்தான் என்றும் சொல்வார்கள். ஊர் முழுக்க மற்றவர்களுடைய மனுவை அடித்துக் கொடுத்தவள் நான், எனக்கு ஒருத்தன் எழுதித் தர வேண்டியதில்லை. நம் வாசலில் உன் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. டிரான்ஸ்பர் வேண்டும், காலேஜில் சீட்டு வேண்டும் என்று தினமும் யாராவது வந்து அதன் கீழே நிற்கிறார்கள். அவன் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். பொய் சொல்லவில்லை.

நேற்று நீ அதிசயமாகப் போனை எடுத்தாய். பி.ஏ. என்று நினைத்து எடுத்தாயோ என்னவோ. விழாவுக்கு வராமல் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், வா என்றாய். நான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இறங்கி சோழவந்தானுக்குப் போகும் முன் தல்லாகுளத்தில் நம் வீட்டுக்கு வா, முன்அறை மேசையில் அந்த வக்காலத்தின் இன்னொரு பிரதியும் பேனாவும் வைத்திருக்கிறேன், நின்றபடியே கையெழுத்துப் போடலாம், நீ போட்டுவிட்டால் நான் அந்தப் பச்சைச் சேலையையே கட்டிக்கொண்டு வருகிறேன் என்று. "சார், வண்டி வந்துருச்சு" என்று யாரோ சொல்வது கேட்டது. போனை நீ வைக்கவில்லை. நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன், எல்லோரும் பார்க்கும்படி: கையெழுத்துப் போடுகிறாயா, மாட்டாயா?